ஃபித்ரத்: பிறவியிலேயே நம்மிடம் இருப்பது என்ன?

ஃபித்ரா என்ற சொல்லை நம் வீடுகளில் ரமலான் கடைசிப் பத்தில்தான் அதிகம் கேட்கிறோம். ஒரு தலைக்கு எத்தனை கிலோ, இந்த வருடம் ரூபாயில் எவ்வளவு, பெருநாள் தொழுகைக்கு முன்னால் கொடுத்துவிட்டோமா என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் குர்ஆனில் ரூம் அத்தியாயத்தின் 30-வது வசனத்தில் இருக்கிறது: ஃபித்ரத். அல்லாஹ் மனிதர்களை எந்த இயல்பின் மீது படைத்தானோ அந்த இயல்பு என்பது அதன் பொருள். அரபியில் ‘ஃபதர’ என்றால் பிளப்பது, முதன்முதலாக உண்டாக்குவது. நோன்பு திறப்பதை இஃப்தார் என்கிறோம். வானங்களையும் பூமியையும் முதன்முதலாக உண்டாக்கியவன் ஃபாத்திர். 35-வது அத்தியாயத்துக்கே அதுதான் பெயர். கத்னா செய்வது, நகம் வெட்டுவது, மீசையைக் கத்தரிப்பது ஆகியவற்றையும் ஃபித்ரத்தைச் சேர்ந்த காரியங்கள் என்று ஹதீஸ் சொல்கிறது. ஆக உடம்பின் சுத்தம் முதல் உள்ளத்தின் சாய்வு வரை இந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகிறது.

இதைப் பற்றி இந்த இதழில் எழுதக் காரணம் உண்டு. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் உதவித்தொகை, ரேஷன் கார்டு பேச்செல்லாம் முடிந்த பிறகு கிளம்பும் நேரத்தில் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். “மனுஷன் பிறவியிலேயே சுயநலக்காரன்தானே பாய், நாம சொல்லியா திருந்தப் போறான்?” என்பது ஒன்று. “எல்லாம் நஸீபு என்றால், அப்புறம் மறுமையில் நம்மைக் கேள்வி கேட்பது எப்படி?” என்பது இன்னொன்று. மூன்றாவது கேள்வி தாய்மார்களிடமிருந்து வருகிறது. “என் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். தொழு என்றால் ஏன் தொழணும் என்கிறான். இவனுக்கு ஈமான் இருக்கா இல்லையா, ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்லுங்க.” மூன்றும் வேறு வேறு கேள்விகள் போலத் தெரிந்தாலும், மனிதனுக்குள் பிறவியிலேயே என்ன இருக்கிறது என்ற ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன.

முதலில் மார்க்கம் சொல்வதைப் பார்ப்போம். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரத்தில்தான் பிறக்கிறது, பெற்றோரே அதை வேறு வழிக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற கருத்துள்ள நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியிருக்கிறது. அதில் நபி (ஸல்) அவர்கள் காட்டிய உவமை மாடு வளர்த்தவர்களுக்கு நன்றாகப் புரியும். கன்று முழு உறுப்புகளோடுதான் பிறக்கிறது; அதன் காதை அறுத்து அடையாளம் வைப்பது பிறகு மனிதன் செய்யும் வேலை. எந்தக் குழந்தையும் யாருடைய பாவத்தையும் சுமந்துகொண்டு வருவதில்லை என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதல் செய்தி. ஆதம் (அலை) அவர்கள் செய்த தவறு அவர்கள் கேட்ட மன்னிப்போடு முடிந்துவிட்டது, பிள்ளைகளுக்குக் கடனாக வரவில்லை.

ஆய்வுக்கூடங்களிலும் இதே கேள்வியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வார்னெகென், தோமசெல்லோ என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டு மாதக் குழந்தைகள் முன்பின் பழகாத ஒருவரின் கையிலிருந்து துணிக்கிளிப் தவறி விழுந்தால் தாங்களாகவே எடுத்துக் கொடுத்தன. கை நிறையப் புத்தகங்களோடு நிற்பவருக்கு அலமாரிக் கதவைத் திறந்துவிட்டன. யாரும் சொல்லவில்லை, மிட்டாயும் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2007-ல் ஆறு மாத, பத்து மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த வேறொரு சோதனையில், உதவி செய்த பொம்மையை நோக்கியே பெரும்பாலான குழந்தைகள் கை நீட்டின. ஆனால் பிற்காலத்தில் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அந்தச் சோதனையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் மறுபடி செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் “விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது” என்று யாராவது அனுப்பினால் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. நம் நம்பிக்கை ஆய்வுக்கூடத்தின் தயவில் நிற்கவில்லை.

இனி நம் பகுதிக்கு வருவோம். பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வரும் செம்பரம்பாக்கம் ஏரியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழையில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கரையோரம் இருந்தவர்கள் தூக்கத்தில் எழுந்து மொட்டை மாடிக்கு ஓடினார்கள். மின்சாரம் இல்லை, செல்போன் வேலை செய்யவில்லை. அந்த நாட்களில் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு தெருக்களுக்கு வந்தார்கள். பள்ளிவாசல்கள் திறந்துவிடப்பட்டன. தொழுகை விரிப்புகள் சுருட்டி வைக்கப்பட்ட இடத்தில், எந்த மதம் என்று கேட்காமல், குடும்பங்கள் படுத்துத் தூங்கின. தண்ணீர் வடிந்த பிறகு முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களுக்குள் இறங்கிச் சேற்றை அள்ளினார்கள். கோயில்களும் சர்ச்சுகளும் நம் ஆட்களுக்குச் சோறு போட்டன. கல்யாண மண்டபங்களில் அண்டா ஏறியது. யார் யாருக்குப் பொட்டலம் போகிறது என்று கட்டியவருக்கே தெரியாது.

அந்த நேரத்தில் இதைச் செய் என்று யாரும் ஃபத்வா கொடுக்கவில்லை. கொடுக்க நேரமும் இல்லை. தண்ணீரில் ஒரு குழந்தை போவதைப் பார்த்தவன் யோசித்துவிட்டுக் குதிப்பதில்லை. நல்லது எது என்று வாபிஸா (ரலி) அவர்கள் கேட்க வந்தபோது, உன் உள்ளத்தையே கேட்டுப் பார், மனம் எதில் அமைதி கொள்கிறதோ அதுவே நன்மை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் இந்த ஃபித்ரத் இருக்கிறது. உள்ளத்தில் முன்பே ஒன்றும் வைக்கப்படவில்லை என்றால் உள்ளத்தைக் கேள் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் அதே மேற்குச் சென்னையில் ஐந்து வருடம்கூட ஆகாத நிலையில் வேறொன்று நடந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா தொற்றால் சென்னை மருத்துவமனையில் இறந்த நெல்லூரைச் சேர்ந்த ஒரு மருத்துவரின் உடலை அம்பத்தூர் மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்தினர் கூடி எதிர்ப்புத் தெரிவித்ததால் உடலை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்த வாரமே, ஏப்ரல் 19-ம் தேதி, நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய முடியாமல் அண்ணா நகர் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனபோது, கல்லும் கட்டையுமாக ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. ஓட்டுநர்களுக்கு இரத்தக் காயம். அவருடைய நண்பரான டாக்டர் பிரதீப் குமார் நள்ளிரவுக்குப் பிறகு போலீஸ் பாதுகாப்போடு திரும்பி வந்து, மருத்துவமனை ஊழியர்கள் இருவரோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். இதற்குப் பிறகுதான் தொற்று நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

அது அவர்களுடைய ஆட்கள் செய்தது என்று நாம் விரலை நீட்டிவிட முடியாது. அதே ஏப்ரல் தொடக்கத்தில் மும்பை மாலாடில், கொரோனாவால் இறந்த 65 வயது முஸ்லிம் ஒருவரைக் கபரஸ்தானில் அடக்க அதன் பொறுப்பாளர்களே மறுத்துவிட்டார்கள். கடைசியில் அந்த உடல் இந்துக்களின் மயானத்தில் எரிக்கப்பட்டது. ஒரு முஸ்லிமின் ஜனாஸாவுக்கு முஸ்லிம்களின் மண்ணில் இடம் கிடைக்கவில்லை. பயம் மதம் பார்த்து வருவதில்லை.

எனவே மனிதன் பிறவியில் நல்லவன் என்ற ஒரு வரியில் விஷயம் முடிவதில்லை. ஷம்ஸ் அத்தியாயம் ஆன்மாவைப் பற்றிப் பேசும்போது, அதற்கு அதன் தீமையும் அதன் இறையச்சமும் இரண்டுமே உணர்த்தப்பட்டதாகச் சொல்கிறது. அதைத் தூய்மைப்படுத்தியவர் வெற்றி பெற்றார், அதை மண்ணில் புதைத்தவர் நஷ்டமடைந்தார் என்ற கருத்து அதற்கடுத்து வருகிறது. புதைப்பது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இல்லாத ஒன்றைப் புதைக்க முடியாது. வேலங்காட்டில் கல்லெறிந்தவர்களும் அந்த மருத்துவரைப் போன்றவர்களிடம்தான் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்திருப்பார்கள். அவர்களில் சிலர் 2015-ல் சோற்றுப் பொட்டலம் கட்டியும் இருக்கலாம். வெள்ளத்தில் ஆபத்து பக்கத்து வீட்டுக்காரனுக்கு. தன்னால் உதவ முடிந்தது. தொற்றில் ஆபத்து பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்தே வருவதாகச் சொல்லப்பட்டது. சொன்னது யார்? பெரும்பாலும் செல்போன். இறந்த உடலை முறைப்படி ஆழமாக அடக்கினால் பரவாது என்று மருத்துவர்கள் சொன்னது, ‘மண்ணு வழியா கிணத்துக்கு வருதாம்’ என்ற வதந்தியைவிட மெதுவாகத்தான் ஊருக்குள் வந்தது.

அந்த வதந்தியின் இன்னொரு முகத்தை நம் சமுதாயம் தன் உடம்பிலேயே அனுபவித்தது. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் செய்திக்குப் பிறகு, காய்கறி விற்க வந்த பாய்களை “இந்தத் தெருவுக்குள் வராதே” என்று திருப்பி அனுப்பிய செய்திகள் நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்தன. தப்லீக் ஜமாஅத்தின் வெளிநாட்டினர் மீது போட்ட வழக்குகளை 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தோன்றுகிறது என்று கடுமையாகச் சொன்னது. அதற்கு முன்பே, நோயிலிருந்து குணமான தப்லீக் சகோதரர்கள் பலர் முன்வந்து மற்ற நோயாளிகளுக்காகப் பிளாஸ்மா கொடுத்துவிட்டார்கள். தங்களைப் பழித்தவருக்கும் அந்தப் பிளாஸ்மா போயிருக்கலாம். அப்படிக் கொடுப்பது தானாக வரும் இயல்பு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அது ஒரு தேர்வு.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. எல்லாம் கத்ர் என்றால் தேர்வு எங்கே இருக்கிறது? இதைப் பற்றி நம் இமாம்கள் நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்திருக்கிறார்கள். மனிதன் காற்றில் பறக்கும் சருகு, அவனுக்கு எந்தச் சக்தியும் இல்லை என்று ஒரு கூட்டம் சொன்னது. அல்லாஹ்வின் விதிக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று இன்னொரு கூட்டம் சொன்னது. அஹ்லுஸ் ஸுன்னத் இரண்டையும் ஏற்கவில்லை. ஆழமான கலைச்சொற்களுக்குள் போக இது இடமில்லை. அதைவிட எளிதாகப் புரிய வைக்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. அதுவும் ஒரு கொள்ளை நோய்க் காலத்தில் நடந்ததுதான்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படையோடு ஷாம் நாட்டை நோக்கிப் போகும்போது, ஸர்ஃ என்ற இடத்தில் வைத்து அங்கே பிளேக் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. முஹாஜிர்களைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டார்கள்; கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்சாரிகளைக் கேட்டார்கள், அங்கேயும் இரண்டுதான். கடைசியில் குறைஷிப் பெரியவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடச் சொன்னார்கள். காலையில் புறப்படுகிறேன் என்று உமர் (ரலி) அறிவித்ததும், அபூஉபைதா (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். நம் வீட்டுத் திண்ணையில் இன்று கேட்கப்படும் அதே கேள்வி. ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பசும்புல், மறுபக்கம் வறண்ட நிலம் என்றால், ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்றும் கேட்டார்கள். அந்த நேரத்தில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்தால் அதற்குப் பயந்து வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். உமர் (ரலி) அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித் திரும்பினார்கள். ஷாமிலேயே மக்களோடு தங்கிவிட்ட அபூஉபைதா (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 18-ல் அம்வாஸ் பிளேக்கில் வஃபாத்தானார்கள்.

இதில் நஸீபு என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் யாருமில்லை. புல் இருக்கும் பக்கத்தைப் பார்க்கக் கண் கொடுத்தவன் அல்லாஹ். பார்த்து நடப்பது மேய்ப்பவனின் பொறுப்பு. மறுமையில் கேட்கப்படும் கேள்வி அந்த நடையைப் பற்றியது. ஊரடங்கில் 2020 பெருநாள் தொழுகையை வீட்டுக்குள் தொழுதோமே, அதுவும் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போனதுதான். ஆனால் நோய்க்கு அஞ்சி விலகியிருப்பதும், நோயால் இறந்தவரின் உடலை வாசலில் மறிப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் முன்னெச்சரிக்கை என்ற ஒரே பெயரில் சொல்லிக்கொண்டவர்கள் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள்.

இறந்த உடலின் கண்ணியம் பற்றிய ஹதீஸ் ஒன்று புகாரியில் இருக்கிறது. காதிஸிய்யாவில் ஸஹ்ல் பின் ஹுனைஃப், கைஸ் பின் ஸஅத் (ரலி) இருவரும் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஜனாஸா கடந்து போனது. இருவரும் எழுந்து நின்றார்கள். அது இந்த ஊர்க்காரர், முஸ்லிம் அல்ல என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். அப்போது அவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள்: நபி (ஸல்) அவர்கள் ஒரு ஜனாஸாவுக்காக எழுந்து நின்றார்கள்; அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டார்கள். 2020, 2021 ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் தமுமுக உள்ளிட்ட முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் கவச உடை போட்டுக்கொண்டு, எல்லா மதத்தவரின் உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள், எரியூட்டவும் உதவினார்கள். சொந்தப் பிள்ளைகளே தூரத்தில் நின்ற இடங்கள் உண்டு. அந்தத் தொண்டர்களுக்கும் பயம் இருந்தது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தார்கள். பயத்தைத் தாண்டிப் போக அவர்களுக்கு இந்த ஹதீஸ் தெரிந்திருந்ததும், ஏற்கனவே மய்யித் தூக்கிப் பழகிய கை இருந்ததும் உதவின.

மூன்றாவது கேள்வி, தாய்மார்களின் கேள்வி. ஈமானும் பிறவியிலேயே இருக்கிறதா? அஃராஃப் அத்தியாயத்தின் 172-வது வசனம், ஆதமின் மக்கள் எல்லோரிடமும் நான் உங்கள் இறைவன் அல்லவா என்று கேட்கப்பட்டு, அவர்கள் ஆம் என்று சாட்சி சொன்னதைக் குறிப்பிடுகிறது. அந்த ஆம் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது என்பது நம் நம்பிக்கை. ஆனால் அதே குர்ஆன் மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்றும் பகராவில் சொல்கிறது. விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும் என்ற கருத்து கஹ்ஃபில் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆம் வெளியே வருவதற்கு ஒவ்வொருவரும் தானாக ஒரு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

இப்ராஹீம் (அலை) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரத்தைப் பார்த்தார்கள், சந்திரனைப் பார்த்தார்கள், சூரியனைப் பார்த்தார்கள். மறைவதை நான் விரும்பவில்லை என்று ஒவ்வொன்றாக விட்டார்கள். அன்ஆம் அத்தியாயத்தில் அது விரிவாக வருகிறது. தன் சமூகத்துக்கு உணர்த்துவதற்காக அப்படிப் பேசினார்கள் என்று விரிவுரையாளர்கள் பலர் சொல்கிறார்கள். எப்படியிருந்தாலும், கேள்வி கேட்பதை அல்லாஹ் அங்கே குற்றமாகச் சொல்லவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் தேடலைப் பற்றி எழுதும்போது, கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளை கிறிஸ்தவராகவும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை முஸ்லிமாகவும் வளர்வதைப் பார்த்து, அப்படியானால் அந்த முதல் ஃபித்ரத் எது என்று சின்ன வயதிலேயே யோசித்ததைச் சொல்கிறார். இன்று அந்த வயதில் ஒரு பையன் நம் வீட்டில் அப்படிக் கேட்டால் பெரும்பாலும் முதுகில் ஒன்று விழும்.

எனவே அந்தத் தாய்க்கு நாங்கள் சொல்வது இது. ஏன் தொழ வேண்டும் என்று கேட்கும் பிள்ளையிடம் ஈமான் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வாயை அடைத்தால் கேள்வி நிற்காது. செல்போனுக்குள் போய்விடும், அங்கே பதில் சொல்ல யார் யாரோ காத்திருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை ஹஜ்ரத்திடம் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். அத்தா ஃபஜ்ருக்கு எழுந்திருப்பதைப் பார்க்காத பிள்ளையிடம் எந்தப் பதிலும் எடுபடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதரஸாவில் தன் பிஸ்கட்டைப் பாதி ஒடித்துப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டு வரும் ஆறு வயதுப் பிள்ளையிடம் “ஏன்டா கொடுத்தே?” என்று கேட்டுத் திட்டும் வீடுகளும் நம் தெருவில் இருக்கின்றன. அந்தக் காது பிறவியில் முழுசாகத்தான் இருந்தது.

கடைசியாக ஓர் அறிவிப்பு. கொரோனாவின்போது உடலைக் குளிப்பாட்ட அரசு அனுமதிக்கவில்லை. பையில் வைத்தபடியே அடக்க வேண்டியிருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் மய்யித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் நம் முஹல்லாக்களில் ஏழெட்டுப் பேர்தான், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நம் அறக்கட்டளை அரங்கில் பயிற்சி நடக்கும். இலந்தை இலை கலந்த தண்ணீர், கடைசித் தடவைக்குக் கற்பூரம், ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து என்று செய்து காட்டப்படும். ஜனாஸா வண்டியை ஓட்டவும் இளைஞர்கள் தேவை. மாற்று மதச் சகோதரர்கள் கேட்டாலும் அந்த வண்டி போகும். பெண்களுக்கு ஆலிமா ஒருவர் தனியாக நடத்துகிறார். முதல் நாள் தொட வேண்டாம், ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் போதும். ப்ளஸ் டூ பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.